அத்தையின் கட்டைவிரல்

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், அவருடைய மருந்து டப்பாவைக் காலி செய்ய உட்கார்ந்தேன். மெட்ஃபார்மின் அட்டைகள், பாதி குடித்த இருமல் மருந்து, இடையில் நிறுத்திய ஆன்டிபயாடிக், இன்சுலின் போட்ட ஊசிகள். பாதி ஊசிகளுக்கு மூடி இல்லை. எல்லாவற்றையும் ஒரு கறுப்புக் கவரில் கொட்டி, முடிச்சுப் போட்டு, வாசலுக்குக் கொண்டுபோனேன்.

துக்கத்துக்கு வந்து தங்கியிருந்த அத்தை வழிமறித்தார். அவர் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்.

"உள்ள என்னடா?"

"அப்பா மருந்து அத்தை."

"ஊசியுமா?"

நான் பேசவில்லை. வலது கட்டைவிரலை நீட்டினார். "ரெண்டு வருசத்துக்கு முன்னாடி இப்படித்தான் ஒரு கவரு. பிரிச்சுக் கொட்டுறப்ப ஏறிடுச்சு. யாரு வீட்டு ஊசியோ, என்ன நோயோ. மேஸ்திரிகிட்ட சொன்னா, தண்ணி ஊத்திக் கழுவுங்கறாரு."

ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை அவர் பேரனைத் தூக்கவில்லையாம். எங்கள் யாரிடமும் சொல்லவும் இல்லை.

அந்த ஆண்டு நான் மலக்குழி மரணங்களைப் பற்றி மூன்று கூட்டங்களில் பேசியிருந்தேன். கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் எனக்கு மனப்பாடம். என் வீட்டுக் கவரை யார் கை பிரிக்கிறது என்று மட்டும் ஒருநாளும் யோசித்ததில்லை.

தோழர்களே, காலாவதியான மருந்தும் பயன்படுத்திய ஊசியும் வீட்டு அபாயக் கழிவு என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லிவிட்டன. அதைத் தனியாகப் பிரித்துக் கொடுப்பது நம் கடமை. அதற்கான சேகரிப்பு மையம் அமைப்பது உள்ளாட்சியின் கடமை. கையுறை, முகக்கவசம், காலணி கிடைக்கச் செய்வதும் அதே விதிகளில் இருந்தது. அத்தைக்குக் கிடைத்தது கிழிந்த கையுறை.

கேரளத்தில் 2025இல் கோழிக்கோட்டில் தொடங்கி, வீட்டு மருந்துகளைத் திரும்பப் பெறும் 'என்பிரவுட்' திட்டத்தை அரசே கொண்டுவந்தது. நம் ஊரிலும் கேட்க வேண்டும். கிராமசபையில் கேளுங்கள், வார்டு கவுன்சிலரிடம் மனு கொடுங்கள். தூய்மைப் பணியாளர்களுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டாயிற்றா என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

அதுவரை நம் வீட்டில் செய்ய வேண்டியவை சில. மருந்துக்கடையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ திரும்ப வாங்குவார்களா என்று முதலில் விசாரியுங்கள். வாங்காவிட்டால், மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, நசுக்காமல், பழைய தேயிலைத் தூளோடு கலந்து மூடிக் கட்டித் தனியாகக் கொடுங்கள். குழந்தையோ நாயோ எடுத்துத் தின்னாது. ஆன்டிபயாடிக்கைக் கழிவறையில் கொட்டாதீர்கள். அது நீரில் கலந்து, மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்க்கும். ஊசி எப்போதும் கெட்டியான, மூடியுள்ள பிளாஸ்டிக் பாட்டிலில்தான். பணியின்போது யாருக்காவது ஊசி குத்திவிட்டால், சோப்புப் போட்டுக் கழுவி உடனே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். அத்தையிடம் இதை யாரும் சொல்லவில்லை.

அன்று அவரே காலி பினாயில் பாட்டிலை எடுத்துவந்து, ஊசிகளை ஒவ்வொன்றாகப் போட்டு மூடினார். "மேல எழுதுடா" என்றார். 'ஊசி, கவனம்' என்று எழுதினேன். மறுநாள் காலை வண்டி வந்தபோது, பாட்டிலைக் குப்பையில் போடாமல், வந்த அக்காவிடம் விஷயத்தைச் சொல்லிக் கையில் கொடுத்தேன். "சொல்லிக் குடுத்த மொத ஆளு நீதான் தம்பி" என்றார் அவர்.