வெடிக்குப் பழகிய காது

எங்கள் வட்டையில் யானை வெடி போட்டால் இப்போதெல்லாம் பதறுவது வெளியூர் விருந்தாளிதான். லகுகல பக்கமிருந்து வெள்ளாமைக்கு இறங்கும் தனியன் காதை ஒரு தடவை ஆட்டிவிட்டுக் கதிரைப் பிடுங்குகிறது. "அது வெடிய பார்க்கிறல்ல தம்பி, போடுற என்னத்தான் பார்க்குது" என்றார் பரணிலிருந்த காக்கா. அந்தச் சத்தத்துக்குப் பின்னால் ஒன்றுமே நடப்பதில்லை என்பது யானைக்கு விளங்கிவிட்டது.

இதை யோசித்தால் எனக்கு 1959ஆம் ஆண்டு ஆடுகள் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் லூபோ, மூர் என்ற இருவர் செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் மின்னி மின்னி எரியும் விளக்கு, சுழலும் சக்கரம் இரண்டில் ஒன்றை முதலில் சும்மா காட்டினார்கள். அடியுமில்லை, தீனியுமில்லை. பிறகு விளக்கு, சக்கரம் இரண்டோடும் சேர்த்துக் காலில் மின்னதிர்ச்சி கொடுத்துப் பழக்கினார்கள். புதிதாகக் கண்டதற்கு ஆடுகள் சீக்கிரமே காலைத் தூக்கப் படித்துக்கொண்டன. முன்பே பார்த்துச் சலித்ததற்குச் சுணங்கின.

யானையின் கதையும் ஆட்டின் கதையும் ஒன்றல்ல என்று படித்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். யானைக்கு இருந்த பயம் தேய்ந்தது. ஆட்டுக்கோ பயமே இருந்ததில்லை, பயப்பட வேண்டிய நாளில்தான் படிப்பு ஏறவில்லை. எனக்கு ஆட்டை நினைத்துத்தான் கூடுதல் கவலை. வளர்ந்த மனிதரிடம் இதே குணத்தைக் காண, பெரும்பாலும் அவர்களை வேறொரு வேலையில் மூழ்கடித்துவிட்டு, அந்தப் பொருளைப் பக்கத்தில் ஓடவிட வேண்டியிருந்ததாம். எங்களை மூழ்கடிக்க ஆராய்ச்சியாளர் வேண்டாம், கைப்பேசி போதும்.

சுமத்ராவுக்கு அப்பால் சிமலுவே தீவு இருக்கிறது. 1907இல் கடல் ஏறிய கதையை அங்கே தாலாட்டாகவே பாடிவைத்திருந்தார்கள்: நிலம் ஆடிக் கடல் வற்றினால் மேட்டுக்கு ஓடு. 2004 சுனாமியில் அங்கே எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோரில் ஏழு பேர்தான் இறந்தார்கள். அவர்களுக்கும் முன்பழக்கம்தான்; ஆனால் அந்தப் பாட்டில் கடலோடு மரணமும் சேர்ந்தே வந்தது. எங்களுக்கு அப்படி ஒரு பாட்டு இருக்கவில்லை.

பிறகு 2012 ஏப்ரல் 11. மறுபடி சுமத்ராவில் நிலநடுக்கம், மறுபடி எச்சரிக்கை, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் ஓடினோம். கடல் வரவில்லை. அடுத்த முறை அறிவித்தால் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் வெளிக்கிடுவேன் என்று மாமி உறுதியாக இருக்கிறார். அன்று கிளறக் கிளற விட்டுப்போன தொதல் சட்டியோடு கருகியதை அவர் இன்னும் மன்னிக்கவில்லை.