அக்கா கொடுத்த கணக்கு நோட்டு



"தலைவர்" என்று சொன்னாலே நமக்கெல்லாம் போஸ்டரில் கைகூப்பி நிற்பவர்தான் ஞாபகத்துக்கு வருவார். நான் எழுதப் போவது வேறு தலைவர்களைப் பற்றி. லாபம் பார்க்காமல் ஊருக்காக ஒரு சங்கத்தையோ, அறக்கட்டளையையோ, ஒரு சின்ன மாலை வகுப்பையோ பொறுப்பெடுத்து நடத்துகிறவர்கள். இவர்களை யார் உருவாக்குகிறார்கள்? தானாக முளைப்பார்களா? நம்ம உப்பளத்து மண்ணில் புல்கூட தானாக முளைக்காதே!

2004 சுனாமிக்குப் பிறகு எங்க ஊருக்கு ஒரு தொண்டு நிறுவனம் வந்ததாம். பாய், போர்டு, புத்தகம் எல்லாம் வாங்கிப் போட்டு மாலை வகுப்பு நடத்தினார்கள். சொல்லித்தர வெளியூரிலிருந்து ஆள் வந்தது. சில வருஷத்தில் பணம் நின்றது, வகுப்பும் நின்றது. "நல்லாத்தான் செஞ்சாங்க. ஆனா ஊர்ல ஒருத்தருக்கும் ரிஜிஸ்டர் எழுதக்கூட கத்துக் கொடுக்கலியே"ன்னு அம்மா இன்றைக்கும் சொல்லுவாங்க.

பூட்டிக் கிடந்த அந்தக் கட்டடத்தை மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்க தெரு அக்கா ஒருவர் திறந்தார். பி.காம். படித்தவர். சீசனில் அப்பா அம்மா இருட்டோடு அளத்துக்குப் போய், வெயில் ஏறுவதற்குள் உப்பு வாரி, சாயங்காலம் அசந்து படுத்துவிடுகிற வீடுகள்தான் இங்கே அதிகம். அந்த வீட்டுப் பிள்ளைகள் 34 பேர் இப்போது வருகிறார்கள்.

நான் போன புதிதில் அக்கா எனக்குக் கொடுத்த வேலை பாய் விரிப்பது. அப்புறம் வருகைப் பதிவு. அப்புறம் மூன்று நாள் வராத பிள்ளை வீட்டுக்குப் போய் விசாரிப்பது. முதல் தடவை அக்காவும் கூடவே வந்தார், ஆனால் வாயே திறக்கவில்லை! நான்தான் பேச வேண்டியிருந்தது. அந்தப் பையனின் அப்பா, "படிக்க வேணாம்னா சொல்றேன்? நாங்க வர்ற வரைக்கும் கைக்குழந்தைய யாரு பாத்துப்பா?" என்றார். திரும்பி வரும்போது அக்கா கேட்டது ஒன்றுதான்: "இப்ப இன்னா பண்ணலாம்னு நீ சொல்லு." குழந்தையையும் தூக்கிக்கொண்டு வரச் சொல்லலாம் என்றேன். மறுநாள் பையன் வந்தான், பாப்பாவும் வந்தது. பாதி நேரம் அது அழுதுகொண்டேதான் இருக்கும், பரவாயில்லை.

"தலைமைப் பண்பு"க்கு ஒரு நாள் முகாம் நடத்துகிறார்களே, அதற்கும் நான் போயிருக்கிறேன். பத்து குணங்களைப் போர்டில் எழுதிப் போட்டார்கள். சாம்பார் சாதம் நன்றாக இருந்தது.

அக்கா அடிக்கடி ஒரு கதை சொல்லுவார். டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கிய சுந்தரம் ஐயங்காரின் மகள் டாக்டர் சௌந்தரம் அம்மா. பெரிய பணக்கார வீடு. ஆனால் 1947இல் திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தைத் தொடங்கி கிராம சேவைக்கு வந்துவிட்டார். 1926இல் நிலமில்லாத தலித் குடும்பத்தில் பிறந்த கிருஷ்ணம்மாள் என்ற பெண்ணைத் தன் பொறுப்பில் எடுத்துப் படிக்க வைத்தவரும் அவர்தான். அந்தக் கிருஷ்ணம்மாள் கணவர் ஜெகந்நாதனோடு சேர்ந்து 1981இல் 'லாஃப்டி' அமைப்பைத் தொடங்கினார். கீழத்தஞ்சையில் ஆயிரக்கணக்கான ஏழைக் குடும்பங்களுக்கு நிலம் கிடைக்கச் செய்தார். 2020இல் அவருக்குப் பத்மபூஷண் கொடுத்தார்கள்.

இது நமக்கும் சம்பந்தப்பட்ட கதைதான். கடலோர இறால் பண்ணைகளை எதிர்த்து ஜெகந்நாதன் போட்ட வழக்கில், 1996 டிசம்பர் 11 அன்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொன்னது. விளைநிலத்தை மட்டுமல்ல, உப்பள நிலத்தையும் இறால் குளமாக மாற்றக்கூடாது என்று அதில் இருக்கிறது!

மதுரையில் 1997இல் தொடங்கிய தானம் அறக்கட்டளையைப் பற்றியும் அக்கா சொல்லியிருக்கிறார். அதைத் தொடங்கி நடத்தியவர் அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் படித்த வாசிமலை. இந்த மாதிரி வேலைக்கு ஆள் தயார் பண்ணவே 2000இல் ஒரு கல்விக்கூடம் ஆரம்பித்தார்கள். டிகிரி முடித்தவர்களுக்கு இரண்டு வருஷப் படிப்பு. வகுப்பில் உட்கார்ந்தால் மட்டும் போதாது, கிராமத்தில் போய்த் தங்க வேண்டும். அவர்களின் 'களஞ்சியம்' குழுக்களில் கிராமத்துப் பெண்களே தலைவிகள். அக்கா எங்களை வீடு வீடாக அனுப்பியது ஏன் என்று அதைக் கேட்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வரும் தை மாதம் அக்காவுக்குக் கல்யாணம். கடலூர் பக்கம் போகிறார். போன வாரம் என்னைக் கூப்பிட்டு வரவு செலவு நோட்டையும் சாவியையும் கையில் கொடுத்துவிட்டார். கையிருப்பு 1,240 ரூபாய். உப்பளத் தொழிலாளர்களுக்கு அரசு 2021இல் அறிவித்த மழைக்கால நிவாரணம் 5,000 ரூபாய் இருக்கிறதல்லவா, அதற்கு யார் யாருக்கு எழுதிக் கொடுத்தோம் என்ற பட்டியலும் அந்த நோட்டில்தான் இருக்கிறது.

அம்மாவுக்குக் கோபம். "ப்ளஸ் டூ பரீட்சை வருது, உனக்கு எதுக்குடி இந்த வேலை?" என்கிறார். அம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதனால் ஒன்பதாம் வகுப்புத் தங்கச்சி ஒருத்தியை இப்போதே சேர்த்துக்கொண்டேன். இந்த வாரம் வருகைப் பதிவு அவள்தான் எழுதுகிறாள். நான் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். சும்மா இருப்பதுதான் ரொம்பக் கஷ்டம், சொல்லிவிட்டேன்!

எட்டாவது, ஒன்பதாவது படிப்பவர்களில் இன்னும் இரண்டு பேர் வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணி. முதல் வேலை பாய் விரிப்பது.