ஒரு பரப்புக் காணியும் ஓயாத மழையும்

பிரித்தானியாவின் உள்ளூராட்சிச் சபைகள் சிறு தொகைக்குக் குத்தகையாக வழங்கும் ‘அலொட்மென்ற்’ தோட்டத் துண்டுகளை எம்மவர் பலர் அறிவர். வளவு என்று சொல்ல ஒரு சாண் நிலமும் இன்றித் தொடர்மாடிகளில் வாழ்வோர் மண்ணைத் தொடுவதற்கு உள்ள வழி இதுவே. கேள்வி இருக்குமிடத்துச் சபைகள் இக்காணிகளை வழங்கவேண்டும் என்று 1908ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. ஒரு துண்டின் மரபான அளவு 10 றொட். இந்த ‘றொட்’ வேறொன்றுமல்ல. எமது காணி உறுதிகளில் வரும் பேர்ச்தான். 10 பேர்ச் கொண்டது ஒரு பரப்பு; 16 பரப்புக் கொண்டது ஓர் ஏக்கர். ஆகவே இங்கு ஒரு குடும்பத்தின் மரக்கறிக்குப் போதும் என்று அளந்து வைத்ததும், யாழ்ப்பாணத்தில் எம் முன்னோர் பேசிய பரப்பும் ஒன்றேதான். இதைக் கணக்கிட்டுச் சொன்னபோது எமது தாயார் நம்பவில்லை. கேட்போர் தொகை பெருகியதால் இப்போது பலருக்கும் பாதித் துண்டே கிடைக்கிறது, எமக்கும் அவ்வாறே. அம்மா எமது பாதியையும் அயலவரின் பாதியையும் சேர்த்துக் காலடி வைத்து அளந்து பார்த்த பின்னரே தலையசைத்தார்.

இக்காணிக்காகப் பெயரைப் பதிந்துவிட்டு ஐந்து ஆண்டுகள் காத்திருந்தோம். 2024ஆம் ஆண்டு வசந்தத்தில் அதை இழக்கும் நிலை வந்தது. காரணம் மழை.

மழைக்கு அஞ்சும் மனிதரல்லர் நாம். யாழ்ப்பாணத்தில் ஓர் ஆண்டில் பெய்யும் மழை ஏறத்தாழ 1,200 மில்லிமீற்றர். இலண்டனில் அதில் அரைவாசிதான். ஆயினும் அங்கு பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்ந்துவிடும். செம்மண்ணும் அதன் கீழுள்ள சுண்ணாம்புக் கல்லும் நீரைக் குடித்துக் கிணற்றுக்குக் கொடுத்துவிடும். எஞ்சிய மாதங்களில் இறைக்க வேண்டியது எமது பாடு. இங்கோ தூறலாகவும் சாரலாகவும் ஆண்டு முழுவதும் பகிர்ந்து பெய்கிறது. இலண்டன் களிமண் ஒரு துளியையும் கீழே விடாது. பங்குனி முதல் வைகாசி வரையான அந்த மூன்று மாதங்கள், 1836இல் தொடங்கும் பிரித்தானிய மழைப் பதிவுகளில் ஆறாவது ஈரமான வசந்தமாகப் பதிவாயின. பெரிய வெள்ளிக்கிழமையில் உருளைக்கிழங்கு நடுவது ஆங்கிலேயரின் பழைய வழக்கம். அவ்வாண்டு அந்நாளில் எமது பாத்திகளுக்கு இடையே நீர் நின்றது. ஈரக் களியை மிதித்தால் அது இறுகிச் செங்கல்லாகிவிடும் என்பதால் ஆறு கிழமைகள் நாம் உள்ளே இறங்கவில்லை. களை மட்டும் எந்தத் தடையுமின்றி வளர்ந்தது.

சித்திரைப் புத்தாண்டு கழிந்த கையோடு சபையிலிருந்து கடிதம் வந்தது. காணி பயிரிடப்படாமல் கிடக்கின்றது. நான்கு வாரங்களுக்குள் சீர்செய்யாவிடின் குத்தகை முடிவுறுத்தப்படும். மழையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. நாம் கொதித்துப் போனோம். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினோம். வலிகாமம் வடக்கில் வெங்காயமும் புகையிலையும் செய்து பிள்ளைகளை வளர்த்தவர் அவர்; 1990 யூனில் உடுத்த துணியோடு வெளியேறியவர். அமைதியாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “அங்கை எழும்பச் சொல்லேக்கை ஆரும் கடிதம் தரேல்லை. இவங்கள் எண்டாலும் நாலு கிழமை தந்திருக்கிறாங்கள். பதில் எழுது தம்பி.”

எழுதினோம். மழையளவையும் மண்ணின் தன்மையையும் குறிப்பிட்டு, எந்தப் பயிர் எப்போது நடப்படும் என்று அட்டவணையும் இணைத்தோம். அதன்பின் வேலை தொடங்கியது. பாத்திகளின் ஓரமாகப் பழைய பலகைகளைப் பரப்பி அவற்றின்மேல் நின்று களை பிடுங்கினோம். விதையை மண்ணில் இடவில்லை. வரவேற்பறை யன்னலோரம் முழுவதும் தயிர்ப் பெட்டிகள். அவற்றில் மிளகாய், தக்காளி, போஞ்சி, பூசணி. குளிருக்கு உள்ளே வந்த கறிவேப்பிலைக் கன்று ஒரு மூலைக்குத் தள்ளப்பட்டது. விருந்தினர் வந்தால் இருக்க இடமில்லை. இங்கு இதற்குப் ‘பொழுதுபோக்கு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதிகாலை வேலைக்குச் சென்று மாலை திரும்பும் எமக்குப் போக்குவதற்கு ஏது பொழுது?

உறைபனி அச்சம் நீங்கி வைகாசி நடுவில் கன்றுகளை வெளியே நட்டபோது அடுத்த படை காத்திருந்தது: ஓடில்லா நத்தைகள். ஈரமும் இளஞ்சூடும் சேர்ந்த அவ்வசந்தம் அவற்றுக்குத் திருவிழா. முதல் இரவில் பன்னிரண்டு போஞ்சிக் கன்றுகள் தண்டு மட்டுமாயின. முன்னர் எல்லோரும் தூவிய நீல நிற ‘மெற்றல்டிஹைட்’ உருண்டைகள் 2022 வசந்தத்துடன் தடைசெய்யப்பட்டுவிட்டன. பறவைகளுக்கும் முள்ளெலிகளுக்கும் அவை நஞ்சு. அதே ஆண்டில் அரச தோட்டக்கலைச் சங்கம், நத்தைகளை இனிப் பீடை என்று அழைப்பதில்லை என அறிவித்தது. இந்நாட்டின் 44 வகை ஓடில்லா நத்தைகளில் ஒன்பதே தோட்டப் பயிரைத் தின்பவையாம். அந்த ஒன்பதும் எமது துண்டில்தான் குடியிருந்தன போலும். ஊரில் கீரைக்குச் சாம்பல் தூவுவோம். இம்மழையில் சாம்பல் அரை மணி நேரம் நிற்காது. அயல் துண்டுக்கார ஆங்கிலேய முதியவர் கிண்ணத்தில் பியர் ஊற்றி மண்ணில் புதைத்து வைத்தார். மறுநாள் அதில் மிதந்த நத்தைகளைக் கண்டு அம்மா வெகுநேரம் சிரித்தார். எமக்குக் கைகொடுத்தது கைவிளக்குத்தான். இரவு பத்து மணிக்கு மழையங்கியோடு சென்று வாளியில் பொறுக்கினோம். தின்னப்பட்டவற்றுக்கு ஈடாக வைக்க யன்னலோரத்தில் மேலதிகக் கன்றுகள் இருந்தன.

யூன் இறுதியில் சபை அலுவலர் வந்தார். போஞ்சி தடியில் ஏறியிருந்தது. பூசணி பாதையைத் தாண்டியிருந்தது. குறித்துக்கொண்டு போய்விட்டார். காணி தங்கியது.

அன்று மாலைதான் அம்மா ஒரு மரம் வைக்கவேண்டும் என்றார். எமக்கு வியப்பாக இருந்தது. இந்நாட்டுக்கு வந்த நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள் முடிந்துவிடும் பயிரன்றி வேறெதையும் அவர் நடவிட்டதில்லை. அடுத்த ஆண்டு ஊரில் இருப்போம் என்பதே பேச்சு. 2015 முதல் வலிகாமம் வடக்கில் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டபோது போய்ப் பார்த்தவர், வேலியும் வரம்பும் அழிந்த வெளியில் தமது பரப்பு எது என்று காட்ட முடியாமல் திரும்பி வந்தார். அதைப்பற்றி அதிகம் பேசியதில்லை.

மரம் நட எழுத்துமூல அனுமதி வேண்டும். மீண்டும் சபைக்கு எழுதினோம். எம்.9 என்னும் குள்ள வேர்த்தண்டில் ஒட்டிய அப்பிள் என்றதும் அனுமதி கிடைத்தது. கார்த்திகையில், இலையுதிர்ந்த பின், வெறும் வேரோடு வந்த கன்றை ஊன்றுகோல் கட்டி நட்டோம்.

2025 வசந்தத்தில் இங்கிலாந்தில் மழையைத் தேடவேண்டியிருந்தது. நூறு ஆண்டுகளுக்கு மேலாக இல்லாத வறட்சி. மாலைதோறும் தொட்டியிலிருந்து இரண்டு வாளி சுமந்தோம். “அடியிலை ஊத்தாதை, சுத்தி விடு” என்று, ஒரு காலத்தில் துலாத் தண்ணீரை வாய்க்காலில் மாறியவர் வரம்பில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். சித்திரையில் ஏழு பூ வந்தது. வேர் வலுப்பெற முதலாண்டுப் பூவைக் கிள்ளிவிட வேண்டும் என்று இங்குள்ளவர்கள் சொல்வர். அம்மா விடவில்லை.