வலை காயும் மணல் வரைபடத்தில் எங்கே?

கடற்கரை மேலாண்மைத் திட்ட வரைபடம் குறித்த கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் பெரியப்பாவோடு போயிருந்தேன். மண்டபத்து மேசையில் பெரிய தாள் விரித்திருந்தார்கள். பெரியப்பா மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு விரலாலேயே கரையைத் தடவிக்கொண்டு போனார். முகத்துவாரம் இருந்தது, கோயில் இருந்தது. "தம்பி, நாம வலை காயப்போடுற மணல் எங்கப்பா?" என்று கேட்டார். அந்த இடம் வெறும் வெள்ளையாக இருந்தது.

1991இல் வந்த கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை, உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுப்பாடு வைத்தது. மீனவக் கிராமங்கள், கருவாடு காயும் களங்கள், படகு நிறுத்துமிடங்கள், பொது நிலங்கள் எல்லாம் வரைபடத்தில் தெளிவாக இருக்க வேண்டும் என்றது 2011 அறிவிக்கை. 2019இல் வந்ததோ, மக்கள் அடர்த்தி மிகுந்த ஊர்ப்புறக் கரைகளில் கட்டடம் கட்டக்கூடாத பகுதியை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருக்கிவிட்டது. இனி அந்த வெள்ளை இடத்தில் ரிசார்ட் வந்தால், அது எங்கள் மணல் என்று எந்தத் தாளைக் காட்டிச் சொல்வது?

வரைபடம் வரைய உதவும் செயற்கைக்கோளுக்கு மணல் தெரியும். ஐப்பசியில் கடல் எதுவரை ஏறும், எந்தத் திட்டில் ஆமை முட்டையிடும் என்பதெல்லாம் கரையில் கிடப்பவனுக்குத்தான் தெரியும். அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து வரைவதுதான் முறை. வரைந்து முடித்தபிறகு ஆட்சேபணை கேட்பது போதாது.

கடலோர நண்பர்களே, உங்கள் ஊர் வரைவு வரைபடம் வந்ததும் ஊர்ப் பெரியவர்களோடு உட்கார்ந்து பாருங்கள். விடுபட்டதை எழுத்தில் கொடுங்கள், ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.