பனிக்காலத்தில் நீச்சல்

டில்லியில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு ஜனவரி மாதம் எப்படியிருக்கும் என்று நேயர்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. கம்பளியும், வெந்நீர் வாளியும், மூடுபனியில் மறைந்த சூரியனுமாக நாட்கள் கழியும். அத்தகைய மாதத்தில், குழந்தைகளுக்கு நீச்சல் கற்பிப்பதற்காக நாங்கள் பயணம் புறப்பட்டோம் என்றால் பலர் சிரிக்கக்கூடும். எங்கள் தாயாரும் சிரித்தார். ஆனால் அப்பயணத்துக்குக் காரணமாயிருந்தவர் அவரே.

சென்ற கோடையில் அம்பாசமுத்திரத்துக்குப் போயிருந்தோம். தாமிரபரணிப் படித்துறையில் உறவினர் வீட்டுப் பிள்ளைகள் குதிப்பதும், மூழ்குவதும், அக்கரையைத் தொட்டுத் திரும்புவதுமாக இருந்தனர். பன்னிரண்டு வயதான எங்கள் மகளும், ஒன்பது வயதான மகனும் கணுக்காலளவு நீரில் நின்று, செம்பினால் மொண்டு குளித்தார்கள். "இவங்க குழாய்த் தண்ணிப் பிள்ளைங்க" என்று ஒரு பையன் கேலி செய்தான். அன்றிரவு மகள் சாப்பிடவில்லை. தாயார் அவள் தலையைத் தடவியபடி, "உன் வயசிலே நான் அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் போய் வந்தவள். என் பேத்திக்கு வராமலா போகும்?" என்றார்.

அச்சொல் எங்களை உறுத்திற்று. எங்கள் இருவரில் ஒருவருக்கு ஓரளவே நீந்தத் தெரியும்; மற்றவருக்கு அறவே தெரியாது. ஆற்றங்கரையில் பிறந்தவருக்குச் செலவின்றி வந்த ஒரு வித்தை, இரண்டே தலைமுறையில் எங்கள் குடும்பத்தை விட்டு நீங்கிக்கொண்டிருந்தது. டில்லியின் நீச்சல் குளங்களில் பெரும்பாலானவை வெயில் காலத்தில் மட்டுமே திறந்திருப்பவை. அப்போது வரும் நீண்ட விடுமுறையிலோ நாம் ஊருக்குப் போய்விடுகிறோம். ஊரில் கல்யாணம், கோவில், உறவினர் வீடு என்று வாரங்கள் ஓடிவிடுகின்றன. ஆகவே எங்களுக்கு எஞ்சியது குளிர்கால விடுமுறை ஒன்றே.

டில்லியிலிருந்து மொராதாபாத், காசிப்பூர் வழியாக ராம்நகர் சுமார் 250 கிலோமீட்டர். அதற்கப்பால் கோசி நதியை ஒட்டிச் செல்லும் சாலையில் திக்குலி என்னும் கிராமம் இருக்கிறது. 1936-ஆம் ஆண்டில் ஹெய்லி தேசியப் பூங்கா என்ற பெயரில் அமைக்கப்பெற்று, இன்று கார்பெட் பெயரால் வழங்கும் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா அதன் அருகிலேயே உள்ளது. புலி பார்க்க வருவோருக்கென எழுந்த விடுதிகள் அச்சாலையில் பல. அவற்றுள் சிலவற்றில் வெப்பமூட்டிய நீச்சல் குளங்களும் உண்டு. அத்தகைய ஒரு விடுதியில் ஐந்து நாட்கள் தங்கினோம்.

முதல் நாள் காலை குளக்கரைக்குச் சென்றபோது, மூச்சு விட்டால் புகையாக வெளிவரும் குளிர். குளத்தின் மீதும் வெண்ணிற ஆவி தவழ்ந்துகொண்டிருந்தது. "தண்ணி கொதிக்குதா?" என்று மகன் பின்வாங்கினான். கையை விட்டுப் பார்த்தால், குழந்தையைக் குளிப்பாட்ட விளாவிய நீரின் இதமான சூடு. கரையிலிருந்த பலகையில் 30 பாகை என்று குறித்திருந்தார்கள்.

குளத்தைக் கவனித்துக்கொண்ட இளைஞர் எங்களை இயந்திர அறைக்கு அழைத்துச் சென்று காட்டினார். குளிர்பதனப் பெட்டி தன் உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே தள்ளுகிறதல்லவா? அதே முறையில், இந்த இயந்திரம் வெளிக்காற்றிலுள்ள வெப்பத்தை ஈர்த்து நீருக்கு ஏற்றுகிறது. குளத்தின் வெப்பம் பெரும்பாலும் நீர் ஆவியாவதனாலேயே வீணாகிறது. எனவே இரவில் குளம் முழுவதையும் ஒரு விரிப்பினால் போர்த்திவிடுகிறார்கள். நீர், காற்றைவிடச் சுமார் 24 மடங்கு வெப்பத்தைக் கடத்த வல்லது. அதனால்தான் காற்றில் சுகமாகத் தோன்றும் அளவு நீரில் நடுக்குகிறது. போட்டிக் குளங்களில் 25 முதல் 28 பாகை போதும். கற்றுக்கொள்ளும் குழந்தைகளோ நீந்துவதைவிட நிற்பதே அதிகம். அவர்களுக்கு இன்னும் சற்றுச் சூடு வேண்டும்.

ஒரு சங்கடம் ஏற்பட்டது. பருத்தியுடையின் நூலிழைகள் வடிகட்டியை அடைத்துவிடும் என்பதால், நைலான் நீச்சலுடை இன்றி எவரும் இறங்கக் கூடாதாம். முழுக்கையும் முழுக்காலும் மூடும் உடைகள் கிடைக்கின்றன. குழந்தைகளின் தாய்க்கு அப்படி ஒன்று வாங்கியிருந்தோம். எங்கள் தாயாரோ, "இந்த வயசிலே எனக்கு அது வேண்டாம்" என்று சால்வையும் குரங்குக் குல்லாயுமாக நாற்காலியில் அமர்ந்துவிட்டார்.

இரண்டு நாட்கள் ஒன்றும் பலிக்கவில்லை. மகள் கைப்பிடிக் கம்பியை விட மறுத்தாள். கையைப் பிடித்து இழுத்தால் உடல் கட்டையாக விறைத்தது. மூன்றாம் நாள் தாயார் எழுந்து வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையை முழங்கால்வரை ஒதுக்கிக்கொண்டு, குளத்தின் விளிம்பில் அமர்ந்து, பாதங்களை நீரில் நனைத்தார்.

"அவளை இழுக்காதீங்க" என்று எங்களை அதட்டினார். பிறகு பேத்தியிடம், "உதைக்க வேண்டாம் பிள்ளே. மல்லாந்து படு. காதுக்குள்ளே தண்ணி போனால் போகட்டும். மூச்சை நிறைய இழுத்துக்கோ. வானத்தைப் பார். தண்ணி தாங்கும்" என்றார்.

"தாங்காட்டி, ஆச்சி?"

"உன் அப்பன் கை கீழே இருக்கு. ஆனால் அது வேண்டியிராது."

ஆச்சி உரக்க எண்ணத் தொடங்கினார். ஏழு என்றபோது நாங்கள் கையை எடுத்தோம். இருபது என்றபோதும் மகள் மிதந்துகொண்டிருந்தாள். நான்காம் நாள் குப்புறத் திரும்பி, குளத்தின் அகலத்தை ஒருமுறை கடந்தாள். தம்பி நிறையத் தண்ணீர் குடித்து, அக்காவோடு சண்டையிட்டு, பாதி தூரம் கற்றுக்கொண்டான். எங்களில் நீந்தத் தெரியாதவரும், மகள் தலையைத் தாங்கிப் பிடிக்க, ஒரு நிமிஷம் வானத்தைப் பார்த்தார்.

கடைசி நாள் கோசி நதியின் நடுவே பாறைமீது அமைந்த கர்ஜியா தேவி கோவிலுக்குச் சென்றோம். நதி தெளிந்து ஓடியது. கை வைத்த மகன் "ஐயோ!" என்று எடுத்துக்கொண்டான். தாயார், "குளம் வேறே, ஆறு வேறே. குளம் நின்ற இடத்தில் நிற்கும், ஆறு இழுக்கும்" என்றார். வெந்நீர்க் குளத்தில் ஐந்து நாள் பழகியவன் ஆற்றுக்குத் தேர்ந்தவன் ஆகிவிட மாட்டான் என்பதை அதைவிடத் தெளிவாக எவரும் சொல்ல முடியாது.

இப்படிச் செல்ல விரும்பும் அன்பர்களுக்கு இரண்டொரு வார்த்தை. வெப்பமூட்டிய குளம் என்ற பெயரை மட்டும் நம்பாமல், நீர் எத்தனை பாகை, எந்த நேரங்களில் சூடாயிருக்கும் என்று முன்கூட்டியே விசாரியுங்கள்; எங்களுக்கே இரண்டாம் நாள் இயந்திரம் ஓடாமல் ஒரு காலை வீணாயிற்று. கரையேறியவுடன் துவட்டத் துண்டு கைவசம் இருக்கட்டும். காவலர் இருப்பினும், சிறுவர்க்குக் கையெட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவர் நீரிலேயே நிற்க வேண்டும்.

வரும் கோடையில் மீண்டும் அம்பாசமுத்திரம் செல்கிறோம். அக்கரையைத் தொட வேண்டுமென்று நாங்கள் மகளைக் கேட்கப் போவதில்லை. அவள் செம்பை வீட்டில் வைத்துவிட்டு, ஆச்சியின் கையைப் பற்றி, கடைசிப் படிக்கும் கீழே இறங்கினால் போதும்.