இடிந்துபோன படகுத்துறை

கம்ப்யூட்டர் கேமில் ஓர் ஊர் அழிந்ததற்காக யாராவது கண்கலங்குவார்களா? நான் கலங்கினேன். அதுவும் 34 வயதில், ஒரு குழந்தைக்கு அப்பாவான பிறகு.

அப்போது நான் அமெரிக்காவின் டல்லாஸில் இருந்தேன். தம்பி நியூஜெர்ஸியில். இருவரும் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாடுவோம். 2010-ல் உலகம் முழுக்க 1.2 கோடி பேர் சந்தா கட்டி விளையாடிய ஆன்லைன் கேம் அது. சனிக்கிழமை இரவானால் ஆபர்டைன் என்ற கடலோர ஊரில் சந்திப்போம். மரப்பலகை போட்ட படகுத்துறையில் கப்பலுக்குக் காத்திருக்கும்போது ஊர்க்கதை பேசுவோம். விளையாடிய நேரத்தைவிட பேசிய நேரம்தான் அதிகம்.

அந்த வருடத் தொடக்கத்தில், ஊரில் அப்பா கட்டிய வீட்டை விற்பது பற்றிப் பேச்சு வந்தது. பராமரிக்க ஆளில்லை, விற்றுவிடலாம் என்றேன் நான். வேண்டாம் என்றான் அவன். கடைசியில் விற்றோம். வாங்கியவர் இடித்துவிட்டார். அதோடு எங்கள் பேச்சும் நின்றது. கேமில் அவன் பெயர் திரையில் தெரியும். நானும் கூப்பிட மாட்டேன், அவனும் கூப்பிட மாட்டான்.

நவம்பர் 23-ம் தேதி, 'கேட்டக்ளிசம்' என்ற புதிய விரிவாக்கத்துக்கு முன்னோட்டமாக, கேமின் பழைய உலகத்தையே மாற்றி அமைத்தார்கள். டெத்விங் என்ற டிராகன் பூமியைப் பிளந்துகொண்டு வெளியே வருகிறது என்பது கதை. பேரன்ஸ் சமவெளி இரண்டாகப் பிளந்தது. தௌசண்ட் நீடில்ஸ் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்தது. எங்கள் ஆபர்டைன் இடிபாடாகிக் கிடந்தது.

விளையாடியவர்கள் இரண்டு கட்சியானார்கள். டிசம்பர் 7-ல் விரிவாக்கம் வெளியானபோது முதல் 24 மணி நேரத்திலேயே 33 லட்சம் பிரதிகள் விற்றன. இனி பழைய கண்டங்களின் மேலேயும் பறக்கலாம், ஓநாய் மனிதனாகலாம் என்று குதூகலித்தவர்கள் ஏராளம். பார்த்ததையே ஆறு வருடம் பார்த்து அலுத்துவிட்டது என்றார் எங்கள் குழுவில் ஒருவர். இன்னொருவரோ, தானும் மனைவியும் முதன்முதலில் பேசிக்கொண்ட இடம் தண்ணீருக்குள் போய்விட்டது என்று சொல்லி விளையாட்டையே விட்டுவிட்டார்.

இருவர் பக்கமும் நியாயம் இருப்பதாகத்தான் எனக்குப் பட்டது. அப்படியானால் வீட்டு விஷயத்தில் மட்டும் என் நியாயம் ஒன்றுதான் எனக்கு ஏன் தெரிந்தது?

ஒருநாள் இடிபாடுகளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். ஆங்கில எழுத்தில் தமிழாகத் திரையில் ஒரு வரி வந்தது. "அண்ணா, நம்ம படகுத்துறை போச்சு."

"ஆமாண்டா" என்று தட்டினேன்.

சற்று நேரம் கழித்து அடுத்த வரி. "ஆகஸ்ட்ல ஊருக்குப் போனப்ப நம்ம வீட்டு வாசல்லயும் இப்படித்தான் நின்னேன்."

அவன் ஊருக்குப் போனதே எனக்குத் தெரியாது. போனை எடுத்தேன். அன்று விடிய விடியப் பேசினோம். நான் மன்னிப்புக் கேட்டேன். விற்றதற்காக அல்ல, அவன் சொன்னதைக் காதில் வாங்காமல் விற்றதற்காக.

பழைய உலகம்தான் வேண்டும் என்று ரசிகர்கள் பல வருடங்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2019 ஆகஸ்டில் அது 'கிளாசிக்' என்ற பெயரில் மீண்டும் திறக்கப்பட்டது. நாங்களும் போனோம். ஆபர்டைன் அப்படியே இருந்தது. கப்பல் வந்தது, போனது. நாங்கள் ஏறவில்லை. பேசிக்கொண்டே நின்றோம்.

அப்பா கட்டிய வீட்டை அப்படித் திரும்பத் திறக்க யாராலும் முடியாது. ஆனால் தம்பியோடு சனிக்கிழமைப் பேச்சு இன்றுவரை நிற்கவில்லை.