கரம்பையும் கட்டுக்குத்தகையும்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி வயல்களுக்கு முன்னால் கார்கள் வரிசை கட்டும். பூ யாருடைய நிலத்தில் பூக்கிறது, அந்த மண்ணில் குனிந்து நிமிர்ந்தது யார் என்று எந்தப் படத்திலும் தெரியாது.

இந்த வட்டாரத்துச் சேரிகளில் வேலை செய்யும் நாங்கள் அடிக்கடி கேட்கும் புகார் ஒன்று உண்டு: "குத்தகைக்காரன் யூரியாவைக் கொட்டி மண்ணைக் கெடுத்துவிட்டான்." இயற்கை விவசாயம் பேச வரும் நண்பர்கள் சிலரும் இதையே வேறு சொற்களில் சொல்கிறார்கள். அதற்குத்தான் இந்தப் பதிவு.

சின்ன வெங்காயத்தை எடுத்துக்கொள்வோம். வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரைப்படி ஏக்கருக்கு 10 டன் தொழுவுரம், தழைச்சத்தில் பாதி, மணிச்சத்து, சாம்பல்சத்து முழுவதும் அடியுரம். மீதித் தழைச்சத்து 30-ஆம் நாள் மேலுரம். அது ஏக்கருக்கு 26 கிலோ யூரியாதான், ஒரு மூட்டைகூட இல்லை. இதைப் பிந்திப் போட்டால் தாள் கழுத்து தடித்து, காய் பட்டறையில் அழுகும். இந்தக் கணக்கு எங்கள் அக்காமார்களுக்கு நன்றாகவே தெரியும். ஏனென்றால் அந்தப் பலன் அதே போகத்தில் கைக்கு வருகிறது.

தொழுவுரம், கரம்பை, ஆட்டுக்கிடை, கொழிஞ்சி விதைத்து மடக்கி உழுவது, களர் நிலத்துக்கு ஜிப்சம் இவையெல்லாம் வேறு கதை. செலவு இந்த வருடம். பலனில் பெரும்பகுதி அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும். வாய்ப்பேச்சுக் குத்தகையில் அடுத்த வருடம் என்று ஒன்று இல்லை. மண் தேறியது தெரிந்தால் குத்தகையை ஏற்றுவார்கள், இல்லையென்றால் நிலத்தைத் திருப்பிக் கேட்பார்கள். பிறகு எவர் கரம்பை அடிப்பார்?

குளத்து வண்டலை அரசு இலவசமாகத்தான் தருகிறது. நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90. ஆனால் விண்ணப்பத்தோடு நில ஆவணம் வைக்க வேண்டும். கோடையில் குளத்தில் கரம்பை வெட்டி அடுத்தவர் வயலில் கொட்டியது எங்கள் தாத்தா பாட்டிமார். இன்று அதே குளத்து மண்ணைக் கேட்கக் காகிதம் இல்லாதவர்களும் அவர்கள் பேரப்பிள்ளைகள்தான். 2015-இல் வந்த மண்வள அட்டையும் அப்படியே. கரிமச்சத்து குறைவு என்று அட்டை சொல்லும். அட்டை இருப்பதோ நிலக்காரர் வீட்டு அலமாரியில்.

இது புதிய சிக்கல் அல்ல. செங்கல்பட்டு ஆட்சியர் திரெமென்கீர் 1891-இல் அனுப்பிய அறிக்கைக்குப் பின், 1892-இல் பஞ்சமி நில ஆணை வந்தது. நிலம் கைவிட்டுப் போகாதிருக்க அதில் விற்பனைத் தடையும் வைத்தார்கள். அப்படியும் எவ்வளவு நிலம் கைமாறியது என்பதை இந்தத் தளத்தில் பலமுறை எழுதியிருக்கிறோம்.

ஆகவே தோழர்களே, ஊருக்குப் போய் மண்புழு உரம் பற்றிப் பேசும் முன் அடங்கலில் யார் பெயர் இருக்கிறது என்று கேளுங்கள். 1955-ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் தன் உடலுழைப்பால் பயிரிடுபவரை நினைத்தபோது வெளியேற்ற விடாது. 1969-ஆம் ஆண்டுச் சட்டம் குத்தகை உரிமையைப் பதிவு செய்யவே வந்தது. பதிவு கேட்டு மனு கொடுத்தால் நிலக்காரர் முகம் மாறும், கூலி வேலையும் நிற்கலாம். அந்தப் பயம் நியாயமானதுதான். அதனால் ஒருவரைத் தனியாக அனுப்பாமல், ஒரு தெருவில் குத்தகைக்குப் பயிரிடும் எல்லோரையும் சேர்த்து மனு எழுதுகிறோம். குத்தகை கொடுத்த ரசீது, சாட்சி சொல்லப் பக்கத்து வயல்காரர், உரம் வாங்கிய பில், கையில் எது இருந்தாலும் முதலில் அதன் நகலை எடுத்து வையுங்கள்.